"மலை மூங்கில்" அட்டையில் நான்கு செடி: அழகர்கோவில் சாலை நர்சரி ஒன்றைப் பற்றி

அவசரத்தில் இருப்பவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழகர்கோவில் சாலையில், வீடுகள் குறைந்து தோப்புகள் ஆரம்பிக்கிற பக்கம் இருக்கும் இந்த நர்சரியில் செடிகள் ஆரோக்கியமாக இருக்கின்றன, விலை நியாயம், வேலை செய்கிறவர்கள் மரியாதையாகப் பேசுகிறார்கள். ஆனால் மூங்கில் வரிசையில் தொங்குகிற பெயர் அட்டையை மட்டும் நம்பி எதையும் வாங்காதீர்கள். "மலை மூங்கில்" என்ற ஒரே அட்டைக்குக் கீழே நான்கு வேறு வேறு செடிகளை வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்றுகூடப் பழனி மலையின் மேல்மட்டத்தில் சோலை எனப்படும் குளிர்ந்த மலைக்காட்டு ஓரம் வளர்கிற அந்த மலை மூங்கில் கிடையாது. ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், அந்த ஒன்றரை குறைந்ததற்குக் காரணம் முழுக்க முழுக்க அந்த அட்டைதான்.

கடைப் பெயரைப் போடவில்லை. இது இவர்கள் ஒருவருடைய குறை மட்டும் இல்லை, மதுரையைச் சுற்றி எந்தச் சாலையில் போய்க் கேட்டாலும் இதே கதைதான். இவர்களாவது கேள்வி கேட்டால் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறார்கள். ஆன்லைனில் "நீல மூங்கில் விதை" என்று படம் போட்டு விற்கிறார்களே, அந்தக் கூத்தோடு ஒப்பிட்டால் இது கோவில்.

எங்கள் தெருவில் புதிதாக வீடு கட்டியிருக்கும் ஒரு மாமா காம்பவுண்டு ஓரமாக மூங்கில் வைக்க ஆசைப்பட்டார். நான் தாவரவியல் படித்தவன் என்று எப்படியோ தெரிந்து "தம்பி, கூட வாப்பா" என்று வண்டியில் ஏற்றிக்கொண்டார். கொடைக்கானல் போயிருந்தபோது ரோட்டோரத்தில் ஒல்லியாக, அடர்த்தியாக, இலை தொங்கிக்கொண்டு நின்ற ஒரு மூங்கிலை அவர் பார்த்திருக்கிறார். அதுதான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். நர்சரியில் வேலை பார்க்கும் அக்கா சிரித்துக்கொண்டே "மலை மூங்கில்தான சார், இந்தா இருக்கு" என்று பச்சை வலைக்கு அடியில் கூட்டிப் போனார். கவரில் ஒரு வரிசை, சிமெண்ட் தொட்டியில் ஒரு வரிசை, அதற்குப் பின்னால் பெரிய பிளாஸ்டிக் டப்பாக்களில் கொஞ்சம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே அட்டை.

சரி, அந்த நான்கும் என்னென்ன?

முதல் வரிசை, கறுப்பு கவரில் இருந்தவை விதைக் கன்றுகள். முழங்கால் உயரம்கூட இல்லை. அது முள் மூங்கில், பாம்புசா பாம்போஸ். சின்னதில் முள் சரியாகத் தெரியாது, அதனால் பலரும் ஏமாறுவது இங்கேதான். வளர்ந்தால் 30 மீட்டர் வரை போகும். கணுவில் வளைந்த முள்ளோடு கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, அடிப்பகுதிக்குள் ஆடுகூட நுழைய முடியாத புதராகிவிடும். ஆற்றோரத்துக்கும் தோட்டத்து வேலிக்கும் அருமையான ஜாதி. மூன்று சென்ட் மனையில் இதை வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் உங்களோடு பேசமாட்டார்.

இரண்டாவது, சிமெண்ட் தொட்டியில் இருந்தது பாம்புசா மல்டிபிளெக்ஸ். தென்சீனப் பக்கத்துச் செடி, உலகம் முழுக்க வேலிக்கு வைக்கிறார்கள். தண்டு விரல் தடிமன், கணுவுக்கு ஒரு கொத்துச் சிறு கிளைகள், இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் வெளிறிச் சாம்பல் பச்சையாக இருக்கும். புதுத் தண்டை மூடியிருக்கும் உறையைத் தடவினால் சுணை இல்லாமல் வழுவழுப்பாக இருக்கும், உறையின் மேல்முனையில் இரண்டு பக்கமும் தோள்பட்டை மாதிரி இருக்கும் இடத்தில் நீண்டிருக்க வேண்டிய காதுமடல் ஏறக்குறைய இல்லவே இல்லை. அழகான செடி. ஆனால் மலைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மூன்றாவதைக் குழந்தைகூடச் சொல்லிவிடும். மஞ்சள் தண்டில் பச்சைக் கோடு, பொன் மூங்கில். பாம்புசா வல்காரிஸ் என்பதன் அலங்கார வகை. ஓட்டல் வாசலிலும் கல்யாண மண்டபத்திலும் நிற்பது. இதை ஏன் அந்த வரிசையில் வைத்தார்கள் என்று கேட்டேன், "அங்க இடம் இருந்துச்சு சார்" என்றார் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பையன். நேர்மையான பதில்.

நான்காவதுதான் விஷயம். பின்னால் பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தவை நிஜமாகவே கொடைக்கானலில் இருந்து வந்தவைதானாம். மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான் குனிந்து தண்டைப் பார்த்தேன். கணுவிடையில் கிளை கிளம்பும் பக்கத்தில் மட்டும் நீளவாக்கில் ஒரு பள்ளம், விரல் நகத்தை வைத்து இழுத்தால் ஓடுகிறது. ஒவ்வொரு கணுவிலும் இரண்டே கிளை, ஒன்று பெரியது ஒன்று சிறியது. அடிக்கணுக்கள் நெருக்கி நெருக்கி, சில இடத்தில் சாய்வாக முட்டிக்கொண்டிருக்கின்றன. இந்த மூன்றும் சேர்ந்தால் வேறு யோசிக்கவே வேண்டாம், ஃபில்லோஸ்டாக்கிஸ் ஆரியா. ஊர் சீனா. மலைவாசத்தலங்களில் தோட்டத்துக்காகக் கொண்டுவந்து வைத்தது. கொடைக்கானலில் இருந்து வந்தது என்பது உண்மை, கொடைக்கானல் மலையின் மூங்கில் என்பதுதான் பொய்.

இதில் ஆபத்தும் இருக்கிறது. மூங்கிலுக்கு மண்ணுக்கடியில் இருக்கிற கிழங்குத் தண்டு இரண்டு மாதிரி வளரும். நம் நாட்டு மூங்கில்களில் பெரும்பாலானவற்றுக்குக் கிழங்கு குட்டையாக, பருமனாக இருக்கும். நுனி மேலே வளைந்து அதுவே அடுத்த தண்டாகிவிடும். அதனால் பக்கத்திலேயே முளைத்துப் புதராக நிற்கும். ஃபில்லோஸ்டாக்கிஸ் ஜாதிக்குக் கிழங்கு ஒல்லியாக, நீளமாக மண்ணுக்குள் கிடைமட்டமாக ஓடிக்கொண்டே போகும், வழியெல்லாம் கணுவில் இருந்து மேலே முளை விடும். தண்ணீர் கிடைக்கிற தோட்டத்தில் இதை விட்டுவிட்டால் சுவருக்கு அந்தப் பக்கம் போய் எட்டிப் பார்க்கும். எந்த மூங்கில் வாங்கினாலும் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது "இது புதரா நிக்குமா, ஓடுமா" என்பதைத்தான். நான் கேட்டதற்கு அந்த அக்கா "மூங்கில்னா எல்லாம் ஒண்ணுதான சார்" என்றார். அவரைக் குறை சொல்லமாட்டேன், இதைச் சொல்லிக்கொடுத்து வைக்காத முதலாளியைத்தான் சொல்ல வேண்டும்.

அப்படியானால் மாமா மலையில் பார்த்தது எது? கொடைக்கானலில் பேரிஜம் ஏரிக்குப் போகிற வழியில் சோலையோரங்களில் நிற்கிற ஒல்லி மூங்கிலாக இருந்தால் அதன் இன்றைய பெயர் குருணா வைட்டியானா. நீலகிரி, பழனி மலை, ஆனைமலை என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான, குளிர்ந்த பகுதிகளில் மட்டும் இருப்பது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, நல்ல இடத்தில் இரண்டாள் உயரம் வரை வரும். தண்டு விரல் தடிமன்தான், உள்ளே பொந்து. கணுவுக்குப் பல கிளைகள், பள்ளம் கிடையாது. இலை குறுகலாக, நுனி நீண்டு கூர்மையாகப் போகும். இலை உறையின் வாய்ப்பக்கத்தில் விறைப்பான மயிர்கள் நிற்கும்.

இதை அடையாளம் காண ஒரு எளிய வழி இருக்கிறது, உருப்பெருக்கிகூட வேண்டாம். இலையைக் கிள்ளாமல் அப்படியே வளைத்து வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். புல் குடும்பத்து இலை என்றால் நரம்புகள் நீளவாக்கில் இணையாக ஓடும், அது எல்லோருக்கும் தெரியும். குருணாவில் அந்த இணை நரம்புகளுக்குக் குறுக்கே சின்னச் சின்ன நரம்புகள் தெளிவாகத் தெரியும், கணக்கு நோட்டுத் தாள் மாதிரி கட்டம் கட்டமாக. குளிர்ப்பிரதேச மூங்கில்களில் இந்தக் கட்டம் அடிக்கடி பார்க்கக் கிடைக்கும், சமவெளி மூங்கில்களில் பெரும்பாலும் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது, நர்சரியில் இருந்த அந்தச் சீனச் செடியும் இதே குளிர்ப்பிரதேசக் கூட்டம்தான், அதன் இலையிலும் கட்டம் தெரிந்தது. கட்டத்தைப் பார்த்துவிட்டுக் கணுவையும் பாருங்கள்: இரண்டு கிளையும் பள்ளமும் இருந்தால் சீனாக்காரர், பல கிளையும் உருண்டைத் தண்டும் இருந்தால் நம்மூர்க்காரராக இருக்கலாம்.

மூங்கிலில் ஏன் தண்டு உறையையும் இலையையும் கிளையையும் இப்படிக் கட்டிக்கொண்டு அழுகிறோம் என்று மாமா கேட்டார். நியாயமான கேள்விதான். மற்ற செடிகளில் பூவைப் பார்த்து வகைப்படுத்துவது வழக்கம். மூங்கிலில் பல ஜாதிகள் முப்பது நாற்பது வருஷத்துக்கு ஒரு தடவைதான் பூக்கும், ஒரு ஆராய்ச்சியாளரின் வேலைக்காலம் முழுக்கப் பூவே பார்க்காமல் போய்விடலாம். அதனால் புது முளையைச் சுற்றி இருக்கும் உறைதான் ஆதார் கார்டு. உறையின் வடிவம், அதன் முதுகில் இருக்கும் சுணையின் நிறம், உறையும் அதன் சிறு இலையும் சேரும் இடத்தில் உள்ள சவ்வு, இரண்டு பக்கமும் காதுமடல் இருக்கிறதா, அதில் மயிர் இருக்கிறதா. இவ்வளவையும் பார்க்க வேண்டும். உறை காய்ந்து கீழே விழுந்துவிட்டால் பொறுக்கிப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. நான் நர்சரித் தரையில் உட்கார்ந்துதான் பொறுக்கினேன். கையில் சுணை ஏறி மத்தியானம் வரைக்கும் அரித்தது தனிக்கதை.

மூங்கில் புல் குடும்பம், போயேசி. அதில் பாம்புசாய்டே என்று ஒரு துணைக்குடும்பம். உயரத்தைப் பார்த்து மரம் என்று நினைப்பவர்களுக்குத் தொல்காப்பியத்தின் மரபியலே பதில் சொல்லிவிட்டது: வெளிப்பக்கம் வைரம் பாய்ந்தது புல், உட்பக்கம் வைரம் பாய்ந்தது மரம். மூங்கிலுக்கு வைரமெல்லாம் தோல்பக்கம்தான். இன்றைய தாவரவியலும் வேறு காரணம் சொல்லி அங்கேதான் வந்து நிற்கிறது. மரத்தைப் போல வருஷா வருஷம் பருக்கிற திசு மூங்கிலுக்குக் கிடையாது. முளை என்ன பருமனில் மண்ணை விட்டு வெளியே வருகிறதோ அதுதான் கடைசி வரை பருமன். ஒரே பருவத்தில் முழு உயரத்துக்குப் போய்விடும், அதற்கப்புறம் சுவர் கெட்டியாகிக்கொண்டே இருக்கும். அதனால்தான் மூன்று வருஷத்துக்குக் குறைந்த கழியை வெட்டினால் சீக்கிரம் பூச்சி பிடித்துப் போகிறது. நர்சரியில் "இந்தக் குச்சி போகப் போகப் பெருசாகும் சார்" என்று சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் குச்சி அப்படியேதான் இருக்கும், அடுத்தடுத்து வரும் முளைகள்தான் அதைவிடப் பெரிதாக வரும்.

துணைக்குடும்பத்தை இப்போது மூன்று குழுவாகப் பிரிக்கிறார்கள். வெப்பமண்டலக் கட்டை மூங்கில்கள் (குட்டை என்ற அர்த்தத்தில் இல்லை, தண்டு மரக்கட்டை மாதிரி கெட்டியாவது) ஒன்று, முள் மூங்கில், கல் மூங்கில், பொன் மூங்கில், தென்மேற்கு மலைகளின் ஈத்தை எல்லாம் இதில் வரும். குளிர்மண்டலக் கட்டை மூங்கில்கள் ஒன்று, குருணாவும் அந்தச் சீனச் செடியும் இங்கே. மூன்றாவது, தரையோடு இருக்கும் மூலிகை போன்ற சின்ன மூங்கில்கள், பெரும்பாலும் அமெரிக்கக் கண்டத்துக் காடுகளில். முதல் இரண்டுக்கும் வித்தியாசம் வெளித்தோற்றத்தோடு நிற்பதில்லை. குளிர்மண்டலக் கூட்டத்துக்குக் குரோமோசோம் 48, வெப்பமண்டலக் கூட்டத்தில் நம் பக்கத்து ஜாதிகளுக்கு 70, 72 என்று போகும். பூவிலும் தெரியும். குருணாவுக்கு மகரந்தத்தாள் மூன்று, பாம்புசாவுக்கு ஆறு. ஈத்தை எனப்படும் ஓக்லாண்ட்ராவில் அது நூறைக்கூடத் தாண்டும், புல் குடும்பத்தில் அப்படியொரு கூத்தை வேறெங்கும் பார்ப்பது கஷ்டம்.

இந்த ஒல்லிச் செடி பெயர் மாறிய வரலாற்றைக் கேட்டால் நர்சரிக்காரர்கள் மேல் இருக்கும் கோபம் கொஞ்சம் குறையும். சென்னை மாகாணத்தில் மருத்துவராக வந்து தென்னிந்தியச் செடிகளைச் சேகரித்த ராபர்ட் வைட் பெயரைத் தாங்கி, 1830-களில் ஜெர்மானியத் தாவரவியலாளர் நீஸ் இதற்கு அருண்டினேரியா வைட்டியானா என்று பெயர் வைத்தார். அருண்டினேரியா என்பது வட அமெரிக்க மூங்கிலுக்காக ஏற்படுத்திய பேரினம், அதாவது நெருங்கிய ஜாதிகளைச் சேர்த்து வைக்கிற கூட்டம், செடிப் பெயரின் முதல் சொல் அதுதான். ஒல்லியாகக் குளிரில் நிற்கிற மூங்கிலையெல்லாம் அந்தக் காலத்தில் அதற்குள் போட்டுவிடுவார்கள். 1896-ல் இந்திய மூங்கில்களைத் தொகுத்த கேம்பிளும் அப்படியே வைத்திருந்தார். 1980-களின் கடைசியில் ஒருவர் சைனருண்டினேரியா என்றார், இன்னொருவர் யுஷானியா என்றார். இரண்டுமே சீன, இமயமலைப் பக்கத்துப் பேரினங்கள். நீலகிரிக்கும் இமயமலைக்கும் நடுவில் ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோமீட்டர் சூடான சமவெளி கிடக்கிறது என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இலங்கையின் மலைநாட்டு மூங்கில்களை டி.என்.ஏ. வைத்து ஆராய்ந்தபோதுதான் அவை இமயமலைக் கூட்டத்தோடு சேராமல் தனிக்கிளையாக நிற்பது தெரிந்தது. 2014-ல் அட்டிகல, கத்திரியாராச்சி, கிளார்க் மூவரும் குருணா என்று புதுப் பேரினம் ஏற்படுத்தினார்கள். நம் வைட்டியானாவும் அங்கே போய்ச் சேர்ந்தது. இலங்கை மலைநாடும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியும் தவிர இந்தப் பேரினத்துக்கு வேறு ஊர் இல்லை. பழைய புத்தகத்தில் ஒரு பெயர், அருங்காட்சியகப் பெட்டியில் ஒரு பெயர், இணையத்தில் ஒரு பெயர் என்று இருந்தால் குழம்ப வேண்டாம், பெயரின் இரண்டாவது சொல் எது என்று மட்டும் பாருங்கள். எனக்கு வைட்டியானா என்றே வாயில் வருகிறது, முன்னால் எந்தப் பேரினம் வந்தாலும் அது மாறவில்லை.

இதெல்லாம் கேட்டுவிட்டு மாமா "அப்ப அது மதுரைல வராதா?" என்றார். வராது. கொடைக்கானல் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,100 மீட்டர், மதுரை ஏறக்குறைய 130. மார்கழியில் உறைபனி விழுகிற, வருஷம் முழுக்க மூடுபனி நனைக்கிற இடத்துச் செடியை, சித்திரையில் 40 டிகிரியைத் தொடுகிற மொட்டை மாடிக்குக் கொண்டுவந்தால் அது என்ன செய்யும்? பகல் சூட்டைக்கூட நிழல் வலை போட்டுச் சமாளிக்கலாம். இரவிலும் சூடு இறங்காத நம்மூர்க் கோடையை என்ன செய்வது? போதாததற்கு போர் தண்ணீரில் உப்பு. மூங்கிலுக்கு உப்பு ஆகாது, இலை நுனியில் இருந்து பழுப்பாகிக் கருகிக்கொண்டு வரும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் சோலைகளில் பெரும்பகுதி கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்துக்குள் வருகிறது, அங்கிருந்து கிழங்கோடு பிடுங்கி வருவது சட்டப்படி குற்றம். எந்த நர்சரிக்காரராவது "காட்டில இருந்து எடுத்தது சார், ஒரிஜினல்" என்று பெருமையாகச் சொன்னால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். இந்தக் கடையில் அப்படி எதுவும் இல்லை, அதை அவர்கள் பக்கத்து நல்ல புள்ளியாகவே எழுதுகிறேன்.

இப்போது வேடிக்கைக்கு வருகிறேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், வெயிலில், யாரும் கவனிக்காமல் ஒரு இருபது முப்பது கவர் கிடந்தது. அட்டையில் "சாதா மூங்கில்". விலையும் மற்றதைவிடக் குறைவு, 80 ரூபாய். பக்கத்தில் போய்ப் பார்த்தால் டென்ட்ரோகலாமஸ் ஸ்ட்ரிக்டஸ், நம் கல் மூங்கில்! தென்னிந்தியாவின் வறண்ட மலைச்சரிவுகளில் பாறை இடுக்கில் நின்று வெயிலைத் தின்று வளர்கிற ஜாதி இதுதான். மழை குறைந்த இடத்தில் தண்டுக்குள் பொந்தே இல்லாமல் கெட்டியாகிவிடும், போலீஸ்காரர் கையில் இருக்கும் லத்திக்கும் சிலம்பக் கம்புக்கும் கேட்டு வாங்குவது இந்த ஜாதியைத்தான். ஈரமான மண்ணில் வளர்த்தால் கொஞ்சம் பொந்து விழும். இளந்தண்டில் வெள்ளையாக மாவு பூத்திருக்கும், விரலில் தடவினால் ஒட்டும். இலை சின்னது, தொட்டால் மெத்தென்று மயிர் தெரியும். தண்டு உறையில் பொன்பழுப்புச் சுணை. மொத்தக் கடையிலும் மலை மூங்கில் என்று சொல்லத் தகுதியுள்ள ஒரே செடிக்கு சாதா என்று அட்டை, சீனச் செடிக்கு மலை என்று அட்டை, அதற்கு 450 ரூபாய்.

கல் மூங்கிலை வாங்கச் சொன்னேன், இடத்தைப் பொறுத்து. மனையில் பின்பக்கம் நல்ல இடம் இருந்தால், சுவரில் இருந்து பத்தடியாவது தள்ளி வைக்க முடிந்தால் வைக்கலாம். வேர் தண்ணீரில் ஊறக் கூடாது, அது மட்டும்தான் இதற்குப் பிடிக்காது. இடம் இல்லாமல் வெறும் மறைப்புக்குத்தான் வேண்டும் என்றால் மல்டிபிளெக்ஸ் போதும், மதுரை வெயிலுக்குத் தாங்கும், கத்தரித்து வைத்துக்கொள்ளலாம். மூங்கில் புல்லா மரமா என்பதில் இன்னொரு செய்தி: 2017-ல் இந்திய வனச் சட்டத்தில் திருத்தம் வந்து, காட்டுக்கு வெளியே வளர்க்கும் மூங்கிலை மரம் என்ற பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார்கள். அந்தச் சட்டமும் தொண்ணூறு வருஷம் கழித்துப் புல்லைப் புல் என்று ஒத்துக்கொண்டது.

பில் போடுகிற மேசையில் இரண்டு சாமான் இருந்தது. ஒன்று கண்ணாடிக் குவளையில் "லக்கி பாம்பூ". இது மூங்கிலே இல்லை, டிராசீனா, மத்திய ஆப்பிரிக்கப் பக்கத்துச் செடி, தண்ணீர்விட்டான் கிழங்கு இருக்கிற குடும்பம். அதிர்ஷ்டம் வருமா என்று எனக்குத் தெரியாது, பூனை இருக்கிற வீட்டில் அது கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பூனைக்கு ஆகாது. இன்னொன்று மூங்கில் அரிசி பொட்டலம். இது நிஜம், முள் மூங்கில் பூத்துக் காய்த்த நெல். பிரான்மலை நமக்குப் பக்கம்தானே, அந்தப் பறம்பு மலையில் உழாமல் விளைவன நான்கு என்று கபிலர் எண்ணியபோது முதலில் வைத்தது மூங்கில் நெல்லைத்தான்.

அந்தப் பொட்டலத்தைப் பார்த்ததும் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டேன், நீங்களும் மூங்கில் வாங்கினால் கட்டாயம் கேளுங்கள்: இது விதைக் கன்றா, தண்டில் இருந்து எடுத்த கட்டிங்கா? முள் மூங்கில் நாற்பது வருஷத்தை ஒட்டி ஒரே சமயத்தில் கூட்டமாகப் பூக்கும், காய்க்கும், செத்துப்போகும். கல் மூங்கிலும் பல பத்தாண்டுகளுக்கு ஒரு தடவை அப்படிச் செய்யும், இடையில் அங்கொன்று இங்கொன்றாகவும் பூக்கும். இந்தக் கெடு செடியோடு கூடவே வருகிறது. முப்பத்தைந்து வயதுப் புதரில் இருந்து கட்டிங் எடுத்து உங்களுக்கு விற்றால், உங்கள் வீட்டில் வைத்த அன்றே அதற்கு முப்பத்தைந்து வயது. தாய்ப்புதர் பூக்கும்போது இதுவும் பூத்துக் காய்ந்துவிடும். விதைக் கன்று என்றால் கணக்கு முதலில் இருந்து தொடங்கும். இதற்குக் கடை முதலாளி சரியான பதில் வைத்திருந்தார், கல் மூங்கிலும் முள் மூங்கிலும் விதையில் போட்டது, பொன் மூங்கில் கட்டிங். பொன் மூங்கிலில் அதற்கு வேறு வழியும் இல்லை, அது பூப்பதே அபூர்வம், விதையும் பிடிப்பதில்லை. ஆக ஆளுக்குத் தொழில் தெரிகிறது, அட்டை எழுதும்போது மட்டும்தான் கை வழுக்குகிறது.

கன்று பொறுக்கும்போது கவரின் அடியைத் தூக்கிப் பாருங்கள். வேர் கவரைக் கிழித்து மண்ணுக்குள் இறங்கியிருந்தால் பிடுங்கும்போது பாதி வேர் போய்விடும், அதை விட்டுவிடுங்கள். உயரமான ஒற்றைக் குச்சியைவிட, குட்டையாக இருந்தாலும் பக்கத்தில் புது முளை மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் கன்று நல்லது, கிழங்கு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். இங்கே பெரும்பாலான கவரில் முளை இருந்தது. மண்ணும் வெறும் செம்மண்ணாக இல்லாமல் தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்து லேசாக இருந்தது. இந்த விஷயத்தில் மதுரைப் பக்கம் நான் பார்த்த நர்சரிகளில் இவர்கள் ஒரு படி மேலே.

கிளம்பும்போது அட்டையைப் பற்றி முதலாளியிடமே சொன்னேன். கோபப்படவில்லை. "மலைன்னு போட்டாத்தான் தம்பி கேக்குறாங்க, கல்லுன்னு போட்டா எவன் வாங்குறான்?" என்றார். வியாபாரியாக அவர் சொல்வது புரிகிறது, ஆனால் 450 ரூபாய் கொடுத்து ஓடுகிற கிழங்கை வீட்டுக்குக் கொண்டுபோகிறவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா? அட்டையில் "ஓடும், தொட்டியில் மட்டும் வைக்கவும்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும் என்றேன். பார்ப்போம் என்றார். அந்தச் சீனச் செடி வேண்டும் என்றே அடம்பிடிப்பவர்கள் அடியில் துளையை வலை போட்டு அடைத்த சிமெண்ட் தொட்டியில், தரையில் நேராக வைக்காமல் செங்கல் மேல் தூக்கி வையுங்கள், வருஷத்துக்கு ஒரு தடவை கிழங்கைக் கத்தரியுங்கள்.

மற்ற விவரங்கள்: ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவில் போகிற கூட்டம் திரும்பும்போது இங்கே நிறுத்துவதால் சாயங்காலம் பேசவே ஆள் கிடைக்காது, வார நாளில் காலையில் போங்கள். ஜிபே இருக்கிறது. பேரம் பேசினால் பத்துக் கன்றுக்கு மேல் கொஞ்சம் குறைக்கிறார்கள். ரோஜா, மாங்கன்று பக்கம் நான் போகவில்லை, அதனால் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மாமா கடைசியில் கல் மூங்கில் இரண்டும் மல்டிபிளெக்ஸ் ஒரு வரிசையும் எடுத்தார், குட்டியானை வாடகை தனி, நகருக்குள் என்றால் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், ஏற்றியபிறகு கேட்டால் டிரைவர் சொல்வதுதான் விலை.